இடக்கண்ணுக்குப் பின் ஒன்றரை நொடி

செவ்வாய்ப்பேட்டைக் கண்ணாடிக் கடையில்
பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை இரவல் வாங்கி
ஒருவர் மூக்கின் மேல் ஒருவர் வைத்து அளந்தோம்.
கண்மணிக்குக் கண்மணி
தீர்த்தகிரிக்கு அறுபத்தெட்டு மில்லிமீட்டர்.
எனக்கு ஐம்பத்தொன்பது.
ஊருக்குப் பொதுவா அறுபத்து நாலு போடுங்க என்றான் கடைப் பையன்.
போட்டோம்.
அப்படி ஒரு முகம் எங்கள் இருவரிடமும் இல்லை.

முதல் பொறியில் கேமரா எட்டு,
ஜோடி ஜோடியாக, நடுவுக்கு முதுகு காட்டி.
குகையில் லேத்துப் பட்டறை மொட்டை மாடியில் வைத்து எடுத்தோம்.
தூரத்து ஜருகுமலை பிசிறில்லாமல் ஒட்டிக்கொண்டது.
பக்கத்து வீட்டுக் கொடிக்கயிறு
இரண்டு படங்கள் சந்திக்கும் இடத்தில் அறுந்து
ஒரு சட்டைக்கு மூன்று கை.
எட்டத்தில் இருப்பது தைக்க வரும், கிட்டத்தில் இருப்பது வராது.
இது வெறும் வடிவியல்.
அதை நம்ப எனக்கு எட்டு மாதமும்
ஒரு நகைக்கடனும் ஆயிற்று.

அப்புறம் ஏழு கேமராவை விற்றோம்.
மிஞ்சியதை
அச்சிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பூட்டி
வெளியே பார்த்தபடி சுற்றவிட்டோம்.
சட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு கீற்று, அது இடக்கண்ணுக்கு.
இடது ஓரத்தில் ஒரு கீற்று, வலக்கண்ணுக்கு.
கீற்றுக்குப் பக்கத்தில் கீற்றாக வைத்துக்கொண்டே போனால்
இரண்டு முழு வட்டம்.
தையல் கிடையாது.
தாங்கும் புயத்தை தீர்த்தகிரி
நாலு தடவை அலுமினியத்தில் இழைத்தார்,
நாலாவதுதான் நடுங்கவில்லை.
பேரிங் மட்டும் அம்மாபேட்டையில் எடைக்குப் போட்ட
விசைத்தறி ஒன்றிலிருந்து.

இருபது கொண்டை ஊசி வளைவும்
அதை மடியில் வைத்துக்கொண்டே ஏறினேன்.
பகோடா பாயிண்ட், காலை ஆறே கால்.
இருபத்தேழு நொடிக்கு ஒரு சுற்று.
படத்தில் விழாமலிருக்க
அதன் முதுகுப் பக்கமாகவே நாங்களும் சுற்றினோம்,
குனிந்தபடி, செருப்பைக் கழற்றிவிட்டு
(சரளை சத்தம் போடும் என்று; படத்துக்குக் காது கிடையாது,
அது பிறகுதான் உறைத்தது).
பஜ்ஜிக் கடை வெள்ளச்சியம்மா
இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்து
பொறி சுற்றுவதற்கு எதிர்த்திசையில் போனார்.
"என்னத்தத் தொலைச்சீங்க?" என்றார்.

சாயங்காலம் பட்டறையில்
பெட்டியைக் கண்ணில் மாட்டிப் பார்த்தோம்.
கம்பி வேலி அதனதன் தூரத்தில் இருந்தது.
அடுக்கி வைத்த கற்கள் ஒன்றின் பின் ஒன்றாக,
விரல் வைத்து எண்ணலாம்.
உச்சி வானம் வழக்கம்போல் தட்டை,
அதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.
பனிதான் சரியில்லை.
மலையை மறைத்துக்கொண்டே
மலைக்குப் பின்னால் நின்றது.

ஒன்றரை நொடி.
எந்த இடத்தையும் இடக்கண் கீற்று முதலில் தொடுகிறது,
ஒன்றரை நொடி கழித்து வலக்கண் கீற்று வந்து சேர்கிறது.
கல்லுக்கு அது ஒன்றுமில்லை.
நகர்கிறதெல்லாம் அதற்குள் நகர்ந்துவிடும்.
மூளைக்கு அந்த நேரம் தெரியாது,
தூரம் என்று எழுதிக்கொள்கிறது.
சுற்றோடு சேர்ந்து போன பனி
மலையைத் தாண்டி அப்பால் விழுந்தது.
எதிரே நடந்த வெள்ளச்சியம்மா
பத்து மீட்டரையும் விழுங்கி
முகத்துக்கு முன்னே வந்துவிட்டார்,
விரல் உயரத்தில், கொஞ்சம் ஒல்லியாக,
கேனோடு.

விடுதிக்காரரிடம் இதைக் காட்ட முடியாது.
இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்,
இன்னொரு கேமரா வேண்டும்.
விற்ற ஏழில் ஒன்றைத் திரும்பக் கேட்கலாம்;
வாங்கியவன் ஆத்தூரில் கல்யாணப் படம் எடுக்கிறான்,
முகூர்த்த மாதம், தரமாட்டான்.
பழைய பில்லின் பின்பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தேன்.

தீர்த்தகிரி ஸ்டூலில் உட்கார்ந்து
மூன்றாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்றும் பேசவில்லை.
பெட்டியைக் கழற்றாமலே கையை நீட்டி
மேஜையைத் தடவி
டீ டம்ளரைக் கண்டுபிடித்து
அந்தம்மா நடக்க வழிவிட்டு
ஓரமாக நகர்த்தி வைத்தார்.